முதல் வகுப்புக்குப் பத்து மீட்டர் ஹோஸ் வாங்குங்கள்

வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டுக்கு பிராசஸ் கன்ட்ரோல் (ஆலையில் வெப்பநிலை, ஓட்டம் போன்றவற்றை வேண்டிய அளவில் பிடித்து வைப்பது பற்றிய பாடம்) எடுக்கச் சொல்லி இந்த முறை உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். நான் நான்கு வருடம் ஒரு தொழிற்சாலையில் இருந்துவிட்டு, பிறகு மதுரைக்குத் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியில் இதே பாடத்தைப் பத்தொன்பது வருடமாக எடுத்து வருகிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் திருமங்கலம், உசிலம்பட்டி, கல்லுப்பட்டி பக்கத்திலிருந்து வருகிறவர்கள். பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள்.

முதல் வருடம் நான் பாடத்திட்டத்தின் வரிசைப்படியே போனேன். முதல் நாளே லாப்லாஸ் உருமாற்றம் (வகைக்கெழுச் சமன்பாட்டை எளிய இயற்கணிதமாக மாற்றும் கணித உத்தி). ஒரு மாதத்தில் பிள்ளைகள் பகுதிப் பின்னங்களை மடமடவென்று போட்டார்கள். ஆனால் 'ஒரு லூப் (அளந்து பார்த்து, அதற்கேற்ப வால்வைத் திருத்தும் வளையம்) ஏன் ஆட ஆரம்பிக்கிறது, அளவு ஏன் ஏறி ஏறி இறங்குகிறது?' என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. லாப்லாஸ்மேல் குற்றமில்லை, அது வரவேண்டிய நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டது. பார்த்தே இராத ஒன்றுக்குச் சமன்பாடு எழுதச் சொன்னால் பிள்ளைகள் சமன்பாட்டை மட்டும்தான் கற்றுக்கொள்வார்கள். அதனால் இப்போது நான் முதல் மூன்று வாரம் லாப்லாஸைத் தொடுவதே இல்லை.

முதல் வகுப்புக்கு வேண்டியவை இவ்வளவுதான்: இருபது லிட்டர் பெயின்ட் டிரம் இரண்டு, அடியில் துளை போட்டுப் பொருத்த இரண்டு வால்வு, ஒரு டீ (T வடிவில் மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு), அரை அங்குல ஹோஸ் பத்து மீட்டர், 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு ஹீட்டர் ராடு. வெந்நீர் டிரம்முக்குப் பால் வால்வு (ball valve, உள்ளே உருண்டை சுழன்று திறப்பது) வாங்காதீர்கள். அது கால் சுற்றில் முழுதாகத் திறந்துவிடும். நான்கைந்து சுற்று சுற்றித் திறக்கிற குளோப் வால்வு வாங்குங்கள். 'இரண்டு சுற்று', 'மூன்று சுற்று' என்று எண்ண முடிவது பிறகு கணக்குக்கு உதவும்.

டிரம்களை மேசைமேல் வையுங்கள். ஒன்றில் 60 டிகிரி வெந்நீர், இன்னொன்றில் 30 டிகிரியில் குழாய்த் தண்ணீர். இரண்டும் டீயில் கலந்து ஹோஸ் வழியாகப் போக வேண்டும். ஹோஸைச் சுருட்டி, அதன் வாயை மறுபடி வால்வுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். வால்வைத் திருகுகிறவரே தெர்மாமீட்டரையும் பார்க்க வேண்டும். (ராடை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் யாரும் தண்ணீரில் கை வைக்கலாம். இதை நான் ஒவ்வொரு வருடமும் பலகையில் எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.) தண்ணீர் குறையக் குறைய ஓட்டமும் குறையும் என்பதால், டிரம்முக்கு ஒருவரை நிறுத்தி மக்கால் ஊற்றி மட்டம் இறங்காமல் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களும் கன்ட்ரோலர்கள்தான் (அளவைப் பார்த்து அதற்கேற்பத் திருத்துகிறவர்கள்) என்று பின்னால் ஒரு வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது ஒரு மாணவரைக் கூப்பிட்டு, '40 டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்துப்பா' என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்லித்தர வேண்டாம்.

போன வருடம் வந்த பையன் வீட்டில் டீக்கடை வைத்திருப்பவன், கை பழகியவன். வால்வை அரைச் சுற்று திறந்தான். எண் அசையவில்லை. இன்னும் அரைச் சுற்று. அசையவில்லை. முழுதாகத் திறந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் 38, 41, 44 என்று ஏறத் தொடங்கியது. பதறிப்போய் மூடினான். மூடிய பிறகும் ஏறியது. இன்னும் இறுக்கினான். அது 47 வரை போய்விட்டு மளமளவென்று இறங்கி 33-க்கு வந்தது. வகுப்பே சிரிக்கிறது, அவனுக்கு வியர்க்கிறது. 'மேடம், இது நாஞ் சொல்ற பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது' என்றான். நான் அவனிடம், 'கேட்கும், ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் கேட்கும்' என்றேன்.

அதோடு நிறுத்தாமல் ஹோஸை ஒரு மீட்டரில் வெட்டி அதே பையனிடம் கொடுங்கள். இரண்டு முறை வால்வைத் தொட்டான், 40-ல் நின்றது. அதே வால்வு, அதே கை, அதே தண்ணீர். நடுவில் இருந்த ஒன்பது மீட்டர் மட்டும்தான் போயிருக்கிறது.

இப்போது பலகைக்கு வாருங்கள். ஹோஸின் உள்விட்டம் 12.5 மில்லிமீட்டர் என்றால் பத்து மீட்டருக்குள் நிற்கிற தண்ணீர் சுமார் 1.2 லிட்டர். ஓட்டம் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர். அப்படியானால் வால்வில் செய்த மாற்றம் தெர்மாமீட்டருக்கு வந்து சேர ஏறக்குறைய 37 விநாடி. ஒரு மீட்டர் ஹோஸில் நான்கு விநாடிகூட இல்லை. இதுதான் டெட் டைம். 'ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால்?' என்று கேளுங்கள். இரு மடங்காகும் என்று அவர்களே சொல்வார்கள். ஆலையில் உற்பத்தியைக் குறைத்து ஓட்டும் நாட்களில் நன்றாக இருந்த லூப் ஏன் ஆட்டம் காட்டுகிறது என்பதற்கு முக்கியமான ஒரு காரணத்தை அந்த ஒரு பதிலிலேயே தொட்டுவிட்டார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எனக்கு வைகையைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையில் தண்ணீர் திறப்பார்கள். அழகர் இறங்குகிற அன்று காலையிலா திறக்கிறார்கள்? முன்கூட்டியே திறந்தால்தான் வந்து சேரும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அணையில் ஷட்டரைத் தூக்கிய கணத்தில், மதுரையில் அழகர் இறங்கும் ஆழ்வார்புரத்தில் ஒரு துளியும் மாறுவதில்லை. ஆறு காய்ந்து கிடந்தால் வழியில் மணலே குடித்துவிடும், தாமதம் இன்னும் கூடும். ஏற்கெனவே நனைந்திருந்தால் சீக்கிரம் வரும். 'ஆழ்வார்புரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துப் பார்த்து, செல்போனில் பேசி அணை ஷட்டரை ஏற்றி இறக்கினால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள். ஹோஸில் பார்த்ததெல்லாம் நினைவுக்கு வந்துவிடும்.

சரி, இரண்டாவது வாரம். வெட்டிய ஹோஸை மறுபடி பத்து மீட்டராக இணைத்து, அதன் வாயில் ஒரு பக்கெட்டை வையுங்கள். ஆறு லிட்டர் மட்டத்தில் பக்கவாட்டில் துளை போட்டால் அதற்குமேல் வருவது வழிந்து போய்விடும். ஒருவர் கரண்டியால் விடாமல் கலக்க வேண்டும், தெர்மாமீட்டர் பக்கெட்டுக்குள். வெந்நீர் வால்வு இரண்டு சுற்று திறந்த நிலையில் பக்கெட் 40 டிகிரியில் நிற்கட்டும். நின்றபின் ஒரே திருகலில் மூன்று சுற்றாக்குங்கள். அப்புறம் யாரும் எதையும் தொடக்கூடாது. பத்து விநாடிக்கு ஒருமுறை எண்ணைப் படித்து, கிராஃப் தாளில் கையால் புள்ளி வைக்க வேண்டும். செல்போனில் பதிவு செய்ய அனுமதிக்காதீர்கள். புள்ளி வைக்கிற கைக்குத்தான் அந்த வளைவு பழகும்.

என் வகுப்பில் வந்த வளைவு இப்படி இருந்தது: முதல் 37 விநாடி அசைவில்லை. பிறகு ஏறி ஏறி 43-ல் போய் நின்றது. ஒரு சுற்றுக்கு மூன்று டிகிரி, அதுதான் கெயின். மூன்று டிகிரியில் 63.2 சதவீதம் 1.9 டிகிரி. 41.9-ஐத் தொட, அசையத் தொடங்கியதிலிருந்து மூன்று நிமிடம் ஆனது. அதுதான் காலமாறிலி. இப்போது பக்கெட்டின் கொள்ளளவை ஓட்டத்தால் வகுக்கச் சொல்லுங்கள். ஆறு லிட்டர், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர், மூன்று நிமிடம். வளைவில் அளந்ததும் பக்கெட்டிலிருந்து கணக்கிட்டதும் ஒன்றாக வந்து நிற்கும் அந்த நிமிடத்தை அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் பக்கெட்டில் அவ்வளவு அழகாக வராமல் இரண்டே முக்காலோ மூன்றேகாலோ வந்தால் இன்னும் நல்லது. வால்வைத் திறந்ததால் மொத்த ஓட்டமே 1.8-லிருந்து 2.1 லிட்டராக மாறியிருக்கிறது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். எங்கள் வகுப்பில் கண்டுபிடித்தது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கலக்கிக்கொண்டிருந்த பெண்.

மூன்றாவது வாரம் பிள்ளைகளே கன்ட்ரோலர். ஒருவர் முப்பது விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இன்னொருவர் 40-லிருந்து எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அதை 0.8-ஆல் பெருக்கி, இரண்டு சுற்றோடு கூட்டிச் சொல்ல வேண்டும். மூன்றாமவர் வால்வை அந்த நிலைக்குத் திருப்ப வேண்டும், சொந்த புத்தி கூடாது. ப்ரொபோர்ஷனல் கன்ட்ரோல் அவ்வளவுதான். இது நிலையாக ஓடும்போது, குளிர்ந்த தண்ணீர் டிரம்மை எடுத்துவிட்டு, ஒரு கிலோ ஐஸ் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்த வேறு டிரம்மை அதன் இடத்தில் வையுங்கள். யாரும் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் பக்கெட் 36.7 வரை இறங்கும். இப்போது 39-ஐ ஒட்டி நின்றுவிடும். இறங்கவும் இல்லை, 40-க்கு ஏறவும் இல்லை.

'ஏன் நின்றுவிட்டது?' என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் வர ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. 40-ஐத் தொட்டால் பிழை பூஜ்யம். பிழை பூஜ்யமானால் வால்வு பழைய இரண்டு சுற்றுக்கே திரும்பும். ஆனால் இந்தக் குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு சுற்று போதாது. அந்தக் கூடுதல் திறப்பைப் பிடித்து வைத்திருப்பதே மீதமுள்ள ஒரு டிகிரிப் பிழைதான். ஆஃப்செட் என்ற சொல்லை இதற்குப் பிறகுதான் பலகையில் எழுத வேண்டும்.

இன்டெக்ரலை நான் மளிகைக் கடைப் பாக்கி நோட்டை வைத்துச் சொல்லுவேன். ஒவ்வொரு முப்பது விநாடியும் எவ்வளவு குறைகிறதோ அதை நோட்டில் எழுதிக் கூட்டிக்கொண்டே வா. தினம் பத்து ரூபாய்தான் பாக்கி என்றாலும் மாதக் கடைசியில் கடைக்காரர் விடமாட்டார் அல்லவா? அந்த மொத்தப் பாக்கியில் ஒரு பங்கு வால்வைத் திறக்கட்டும். இப்படி ஓட்டினால் 39-ல் நின்றது மெல்ல மெல்ல 40-க்கு வந்து சேரும். சேர்ந்த பிறகு பிழை பூஜ்யம், ஆனால் நோட்டில் இருக்கிற பாக்கி வால்வைத் திறந்தபடியே வைத்திருக்கும். வைண்டப்பும் (பாக்கி அளவுக்கு மீறிச் சேர்ந்துபோவது) இதே நோட்டில் வந்துவிடும். வெந்நீர் டிரம்மைக் கொஞ்சம் ஆறவிட்டு, முழுதாகத் திறந்தாலும் 40-ஐ எட்ட முடியாதபடி செய்யுங்கள். வால்வு இனித் திறக்க இடமில்லை, பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பிறகு நல்ல வெந்நீரை ஊற்றினால், 40-ஐத் தாண்டியும் பழைய பாக்கி தீரும்வரை வால்வு மூடாது. வால்வு முட்டி நிற்கும்போது நோட்டில் எழுதுவதை நிறுத்து என்று பிள்ளைகளே சொல்வார்கள். உண்மைக் கன்ட்ரோலர்களிலும் அதைத்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

டெரிவேட்டிவுக்கு (பிழை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்துத் திருத்துவது) ஒரு வகுப்பு போதும். ஆலைகளில் பெரும்பாலான லூப்கள் பி-ஐ (ப்ரொபோர்ஷனலும் இன்டெக்ரலும்) மட்டும் வைத்துத்தான் ஓடுகின்றன. வெப்பநிலை போல மெதுவாக நகர்வதற்கு டி உதவும் என்றும், துள்ளுகிற ஓட்ட அளவீட்டில் அதை வைத்தால் வால்வு நடுங்கும் என்றும் காட்டிவிட்டு நகருங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒன்றை மறக்காமல் சொல்லிக்கொடுங்கள். வெந்நீருக்குப் பதிலாகக் குளிர்ந்த தண்ணீர் வால்வைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அதே விதியை அப்படியே ஓட்டச் சொல்லுங்கள். குறைந்தால் திற, கூடினால் மூடு. இரண்டே நிமிடத்தில் எல்லாம் ஒரே பக்கமாக ஓடிவிடும். கன்ட்ரோலரின் திசை என்பது பாடத்தில் ஒரு வரி. நான் அதை ஆலையில் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு கலனின் கூலிங் வாட்டர் லூப்பை ஆட்டோவில் (கன்ட்ரோலரே வால்வை ஓட்டும் நிலையில்) போட்டேன். திசை தலைகீழாக இருந்ததை நான் பார்க்கவில்லை. வெப்பநிலை ஏற ஏற வால்வு மூடிக்கொண்டே போனது. நான் கெயினைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த மூத்த ஆபரேட்டர் அண்ணன் என்னைத் தாண்டிக் கையை நீட்டி மேனுவலுக்கு மாற்றி வால்வைத் திறந்தார். எல்லாம் அடங்கிய பிறகு, 'ஆட்டோல போடுறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் ஓடும்னு பாத்துக்கம்மா' என்றார். அன்று பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அவர் இருந்ததால். என் மாணவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் ஒரு லூப்பை ஆட்டோவில் போடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆய்வகத்தில் திசை தவறினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

நான்காவது வாரம் லாப்லாஸ் வரட்டும். பக்கெட்டின் வெப்பச் சமநிலையை எழுதி, வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்த்து, வந்த வளைவைப் பிள்ளைகள் கையால் புள்ளி வைத்த கிராஃப் மேல் போடுங்கள். அதன்பிறகு இரண்டு பக்கெட்டை அடுத்தடுத்து வைத்தால் கணக்கு எவ்வளவு நீளும் என்று காட்டினால், பெருக்கல் போதும் என்கிற லாப்லாஸ் வழியை அவர்களே தேடுவார்கள். ரூட் லோகஸை (கெயினை மாற்ற மாற்ற லூப் எப்படி மாறும் என்று காட்டும் படத்தை) கையால் வரைவதற்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. சைலாப் மென்பொருள் வரைந்து காட்டிவிடும். போடே வரைபடத்துக்கு (வெவ்வேறு வேகத்தில் ஆட்டினால் பதில் எப்படி வரும் என்று காட்டுவது) நேரம் கொடுக்கிறேன், ஏனென்றால் டெட் டைம் கட்டத்தை (phase, பதில் அலை எவ்வளவு பின்தங்குகிறது என்பது) எப்படித் தின்கிறது என்று அதில்தான் கண்ணால் பார்க்கலாம்.

டியூனிங்குக்கும் (கன்ட்ரோலரின் எண்களைத் தேர்வதற்கும்) அதே பக்கெட்டின் எண்கள்தான்: கெயின் 3, காலமாறிலி 3 நிமிடம், டெட் டைம் 0.6 நிமிடம். டெய்லர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்கக் கருவி நிறுவனத்தில் வேலை பார்த்த சீக்லரும் நிக்கல்ஸும் 1942-ல் கொடுத்த விதிப்படி பி-ஐ போட்டால், டிகிரிக்கு 1.5 சுற்று, இன்டெக்ரல் நேரம் 2 நிமிடம். நார்வேப் பேராசிரியர் ஸ்கோகஸ்டாட் 2003-ல் கொடுத்த விதியில், லூப் எவ்வளவு வேகமாக வேண்டும் என்பதை டெட் டைமுக்குச் சமமாக வைத்தால், டிகிரிக்கு 0.83 சுற்று, 3 நிமிடம். இரண்டையும் கணினியில் ஓட்டிக் காட்டுங்கள். முதலாவது இடையூறை வேகமாக அடக்கும், ஆனால் நன்றாக ஆடிவிட்டுத்தான் நிற்கும். ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால் பங்காகக் குறைந்தால் போதும் என்பதே அவர்கள் வைத்த இலக்கு. இரண்டாவது அமைதியானது. பிள்ளைகள் 'எது சரி மேடம்?' என்று கேட்பார்கள். அந்தப் பக்கெட் எதற்கு, ஆடினால் யாருக்கு நஷ்டம் என்று திருப்பிக் கேளுங்கள்.

பாடம் பாதி முடிந்ததும் ஒரு பால் பண்ணைக்குக் கூட்டிப் போங்கள். பாஸ்டரைசேஷன் பிரிவில் பால் 72 டிகிரியில் 15 விநாடி இருக்க வேண்டும். அந்த 15 விநாடியைக் கொடுப்பது ஒரு நீளமான குழாய். நம் ஹோஸ் அங்கே வேலைக்கே வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முடிவில் ஒரு திருப்பிவிடும் வால்வு நிற்கும். சூடு குறைந்தால் பாலை முன்னே விடாமல் முதல் தொட்டிக்கே அனுப்பிவிடும். அதன் முன்னால் நிறுத்தி ஒரே கேள்வி கேளுங்கள்: 'வால்வை இயக்கும் காற்றழுத்தம் நின்றுவிட்டால் இந்த வால்வு எந்தப் பக்கம் போகும்?' பாலைத் திருப்பிவிடும் பக்கம்தான் போக வேண்டும் என்று யோசித்துச் சொன்ன மாணவருக்கு ஃபெயில்-சேஃப் (கோளாறு வந்தால் பாதுகாப்பான பக்கம் போவது) பற்றித் தனியாக நடத்த வேண்டியதில்லை. கருவிகள் அளவைச் சொல்லி அனுப்பும் மின்னோட்டம் 4 முதல் 20 மில்லிஆம்பியர் ஏன், பூஜ்யத்திலிருந்து ஏன் இல்லை என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். வயர் அறுந்தால் பூஜ்யம் வரும். 4 வந்தால் கருவி உயிரோடு இருக்கிறது, அளவுதான் கீழே இருக்கிறது.

அலாரத்துக்கு மறுபடியும் வைகை அணை. முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. செய்தியில் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். ஏன் மூன்று என்று விவாதிக்க விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கரையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது வேறு, செய்து முடிக்க மிச்சமிருக்கிற நேரமும் வேறு. பிறகு உங்கள் ஆய்வகக் கருவியில் அவர்களையே அலாரம் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு அலாரத்துக்கும் ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த அலாரத்தை எடுத்துவிட வேண்டும்.

தேர்வில் நான் கொடுக்கும் பெரிய கேள்வி எப்போதும் ஒரு படம்தான்: நான்கு மணி நேரத்து டிரெண்ட், அதில் செட்பாயின்ட் (பிடிக்க வேண்டிய இலக்கு), அளவு, வால்வுக்குக் கன்ட்ரோலர் கொடுக்கும் சிக்னல் மூன்றும் ஒரே தாளில். அளவு ஆடிக்கொண்டிருக்கும். என்ன கோளாறு, முதலில் என்ன செய்வாய் என்று கேட்பேன். 'மேனுவலில் போட்டுப் பார்ப்பேன். ஆட்டம் நின்றால் இந்த லூப்பிலேயே கோளாறு, நிற்காவிட்டால் வெளியிலிருந்து வருகிறது' என்று எழுதினால் பாதி மதிப்பெண் அங்கேயே போட்டுவிடுவேன். கன்ட்ரோலர் கொடுக்கும் சிக்னல் மெல்ல ஏறிக்கொண்டே போக, அளவு கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பிறகு திடீரென்று தாவுகிறது என்பதைக் கவனித்து, வால்வு ஒட்டிக்கொள்கிறது, டியூனிங்கைத் தொடாதே என்று எழுதினால் மீதியும் கிடைக்கும். விடைத்தாளில் ஒரு மாணவி பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரு ஹோஸை வரைந்து, அதன்மேல் '37 வி' என்று எழுதி வைத்திருந்தாள்.

செமஸ்டர் முடிந்ததும் ஹோஸில் தண்ணீர் நிற்காமல் வடித்து, நிழலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பாசி பிடித்து அடுத்த வருடம் ஓட்டம் பாதியாகிவிடும்.